இனிக்கும் இரவுக் குளிசை

முதல் குளிசையை எடுத்தது செவ்வாய்க்கிழமைக் குழியிலிருந்தா, புதன்கிழமைக் குழியிலிருந்தா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பூசை முடிந்து வந்து ஏழு நாளுக்கும் குழி வைத்த மருந்துப் பெட்டியை நிரப்புவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. பக்கவாதம் வந்தபிறகு, இரத்தம் உறையாமலிருக்க என் கணவர் ஸ்ரனிஸ்லாசுக்கு எழுதிக்கொடுத்த இளஞ்சிவப்புக் குளிசைகள்.

அந்த வருடம் இலங்கையில் மருந்துத் தட்டுப்பாடு. மன்னாரிலிருந்து தம்பி யாகோப்பு தொலைபேசி எடுத்தான். அவனுக்கும் அதே குளிசைதான்.

“அக்கா, ஒரு பாமசியிலயும் இல்லை. இன்னும் நாலு நாளைக்குத்தான் கிடக்கு.”

இங்கே ஜெர்மனியில், ஹம் நகரில், எங்கள் வீட்டுக்கு எட்டு நிமிடத்தில் அம்புலன்ஸ் வரும். தம்பிக்கு யார் வருவார்கள்? இரவுக் குளிசைகளை எடுத்து, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிட்டேன். குழிகளை வெறுமையாக விடவில்லை. அதே நிறத்தில் விட்டமின் குளிசை வாங்கிப் போட்டேன்.

“இஞ்சேர் அன்னா, இரவுக் குளிசை இனிக்குது,” என்றார் அவர்.

“கொம்பனி மாத்திப்போட்டாங்கள். விழுங்குங்கோ.”

“டொச்சுக்காரனுக்கு இப்பதான் என்னில இரக்கம் வந்திருக்கு.”

சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

பக்கவாதத்தோடு அவருடைய டொச்சு, அதாவது ஜெர்மன் மொழி, போய்விட்டது. மருத்துவரிடம் அவருக்காகப் பேசுவது நான்தான்.

“இடக்கை விறைக்குது. குளிசை இனிக்குதெண்டும் சொல்லு,” என்றார்.

கை பரவாயில்லை, நன்றாக நித்திரை கொள்கிறார் என்று சொன்னேன். மருத்துவர் எழுதிக்கொண்டார். இவர் என்னைப் பார்த்து நன்றியோடு தலையாட்டினார்.

பத்தொன்பது நாள் கழித்துக் காலைச் சாப்பாட்டு மேசையில் சரிந்தார். அம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில்தான் வந்தது.

ஸ்ரனிஸ்லாஸ் மறுநாள் இறந்தார். மகள் எவ்லின் ஹம்பேர்க்கிலிருந்து அழைத்து, அப்பாவை நல்லாப் பார்த்தீங்கள் அம்மா என்கிறாள். யாகோப்பு சுகமாயிருக்கிறான். மன்னாரில் இப்போது குளிசை கிடைக்கிறதாம். ஆனாலும் ஜெர்மன் குளிசைதான் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்கிறான். கீழ்வீட்டுக் கமலநாயகி அக்காவுக்கும் அதே குளிசையை எழுதியிருக்கிறார்கள். அவவுக்குக் கண் தெரியாது. பெட்டியை நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன். அவவுடைய இரவுக் குளிசையை நான் தொடுவதில்லை. காலைக் குளிசையை மட்டும்தான் எடுக்கிறேன்.