தொண்ணூற்றெட்டு வீதம்

வீட்டில் தேவையில்லாத பொருள் கிடந்தால் எனக்குத் தலையிடிக்கும். பழைய பத்திரிகை, ஜாம் போத்தல், பிள்ளைகள் எழுதி முடித்த கொப்பி எல்லாவற்றையும் மாதமொருமுறை கட்டி வெளியே வைத்துவிடுவேன். அதனால், 2007 ஆவணியில் என் கணவர் தியாகராஜா தன் மின்னஞ்சல் பெட்டியைத் துப்புரவாக்கச் சொன்னபோது எனக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை.

சட்டத்தரணி அவர்களே, நீங்கள் கேட்டதை ஒழுங்காகவே எழுதித் தருகிறேன்.

என் கணவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் விரிவுரையாளர். கண்ணில் சத்திரசிகிச்சை செய்து, ஒரு மாதம் எதையும் வாசிக்கக் கூடாது, கவிழ்ந்தே படுக்க வேண்டும் என்றிருந்தார்கள்.

"பெட்டி நிரம்பப்போகுதெண்டு எச்சரிக்கை வந்தது. பழசுகளை அழிச்சு விடும், கமலாசனி. முக்கியமானது வந்தால் வாசிச்சுச் சொல்லும்," என்று கடவுச்சொல்லைத் தந்தார்.

பெட்டி தொண்ணூற்றெட்டு வீதம் நிரம்பியிருந்தது. கருத்தரங்கு அழைப்புகள், பகிடிகள், எப்போதோ முடிந்த பரீட்சைகளின் புள்ளிகள். அழிக்க அழிக்க எண்பத்தொன்றுக்கு இறங்கியது. பிறகு அளவுப்படி அடுக்கிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, இன்னும் திறக்காமல் நின்றது விவேகானந்தனின் அஞ்சல்.

விவேகானந்தன் அவருடைய ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவர். தரைப்பாதை பூட்டி, கப்பலில் மட்டுமே வெளியே வரக்கூடியதாக இருந்த காலம் அது. வாசலில் யாரோ போட்டுவிட்டுப் போன மிரட்டல் துண்டையும் தன் அடையாள அட்டையையும் படமாக இணைத்து, ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தார்.

"போனில கதைக்கேலாது. நான் உங்களோட வந்து நிக்கப்போறன் எண்டு ஒரு கடிதமும், உங்கட வீட்டாக்களின்ர பொலிஸ் பதிவுப் பிரதியும் அனுப்புங்கோ. அது இருந்தால்தான் கப்பலுக்குப் பாஸ் தருவினம்."

ஐந்து நிமிட வேலை. அது எனக்குத் தெரியும்.

ஆனால் நான் கண்டியில் வளர்ந்தவள். எண்பத்துமூன்று கலவரத்தில் அப்பாவின் கடையும் வீடும் எரிந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. இப்போது எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். யாரோ தேடுகிற ஒருவர் வந்து நின்றால், தேடுகிறவர்களும் பின்னால் வருவார்கள். எந்தத் தாயும் இதை யோசிப்பாள்.

அழித்தேன். குப்பைக் கூடையையும் வெறுமையாக்கினேன். எழுபத்துநான்கு வீதம்.

"ஏதும் வந்ததே?" கவிழ்ந்து படுத்தபடியே அவர் கேட்டார். "விவேகன்ர சத்தத்தைக் காணேல்லை."

"ஒண்டும் வரேல்லை. எல்லாம் குப்பை," என்றேன்.

மூன்று நாளில் இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு மற்றொன்று: "பெட்டி நிரம்பிட்டுதோ? நாளைக்கும் பதில் இல்லையெண்டால் பேராதனையில எனக்குத் தெரிஞ்ச ஒராளை வீட்டுக்கு அனுப்பிறன்."

அழித்தால் மட்டும் போதாது என்று அப்போது விளங்கியது. கணவரின் முகவரியிலிருந்து பதில் எழுதினேன். "தம்பி, கிடைச்சது. கடிதம் வரும். பொறு. ஒருத்தரையும் அனுப்பாதை. அண்ணா."

அன்றே பதில் வந்தது. "கத்தோலிக்கச் சுவாமியார் ஒருத்தர் தன்ர பொறுப்பில இந்தக் கிழமைக் கப்பலில எனக்கு ஓரிடம் எடுத்தவர். திருகோணமலையில தங்கலாம் எண்டவர். உங்கட கடிதம் வாறபடியால் அதை ஒரு பிள்ளைத்தாச்சிக்கு விட்டுக்குடுத்திட்டன். அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்கோ."

இரண்டு தரம் வாசித்தேன். அந்தக் கப்பலிலேயே போ என்று எழுத இன்னும் நேரம் இருந்தது. ஆனால் திருகோணமலையிலிருந்து கண்டியில் எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் அரை நாள்தான். அதையும், நான் அனுப்பியதன் பிரதியையும் அழித்தேன்.

பிறகு நாளுக்கு இரண்டு தரம் பெட்டியில் இடம் ஒதுக்கி வைத்தேன். நிரம்பினால் அவருடைய அஞ்சல் திரும்பிப் போகும். திரும்பினால் வேறு வழி தேடுவார். அஞ்சல் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும் வரைக்கும் காத்திருப்பார். பதினொரு நாள் காத்திருந்தார். பன்னிரண்டாம் நாள், இணையக் கடையிலிருந்து வீடு திரும்பும்போது வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

கண் சுகமானதும் என் கணவர் முதலில் பெட்டியைத்தான் திறந்தார். தம்பியின் பெயரைத் தேடினார். அந்த மாதத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

"நிரம்பிக் கிடந்தபடியால் அவன் எழுதினது வந்திராது. நான் முந்தியே அழிச்சிருக்கவேணும்," என்று அழுதார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் நினைப்பை நான் திருத்தவில்லை.

விவேகானந்தனின் மனைவி சரோஜினிதேவி, தன் கணவர் அச்சிட்டு வைத்திருந்த அந்தப் பதிலை உங்களிடம் தந்திருக்கிறார். தமையன்தான் ஏமாற்றினார் என்று நினைக்கிறார். அது அநியாயம். எழுதியவள் நான். என் கணவருக்கு ஒன்றும் தெரியாது.

சரோஜினிதேவியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தத் தாளை அவர் இன்னொருதரம் ஆறுதலாக வாசிக்கட்டும். பொறு என்றுதான் எழுதியிருக்கிறேன். வராதே என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.