சத்து அதிகமான தண்ணீர்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் தன் கொழுந்தனின் கைக்குழந்தை இறந்துபோனதைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"தண்ணியில சத்து அதிகமாயிடுச்சாம். அதான் புள்ள நீலமாப் போச்சுன்னு டாக்டரம்மா சொல்றாங்க."

இளையவளுக்கு அது பிடிபடவில்லை. "சத்து அதிகமானா நல்லதுதானேக்கா?"

"இது பயிருக்குப் போடற சத்து. நம்ம போர்வெல் ஆத்தோரம்தானே இருக்குது. ரெண்டு கரையிலயும் கரும்புக்கு யூரியாவா கொட்றாங்க. டவுன் சாக்கடையும் ஆத்துலதான் வந்து விழுது. எல்லாம் கீழ எறங்கி போர்வெல்லுக்கு வந்துடுச்சாம்."

"கொதிக்க வெச்சுக் குடுத்திருக்கலாம் இல்ல?"

"கொதிக்க வெச்சுத்தான் பால் பவுடர் கரைச்சோம். அது கொதிச்சாலும் போவாதாம். தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் அதிகமாத்தான் ஆவுமாம்."

நடத்துநர் வந்து சீட்டு கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போவலியாக்கா?"

"உதடு, நகம் எல்லாம் நீலமா இருந்துச்சு. ஏதோ பூச்சி கடிச்சு விஷம் ஏறிடுச்சுன்னு நெனச்சுக்கினு மந்திரிக்கறவர்கிட்ட ஓடினோம். அவரு தண்ணி மந்திரிச்சுக் குடுத்தாரு. விடிய விடிய அதையே சங்குல ஊத்திக்கினு இருந்தோம்."

"அது எந்தத் தண்ணிக்கா?"

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வீட்டுத் தண்ணியா இருக்கணும்னு சொன்னாரு. நான்தான் போர்வெல்ல ஒரு சொம்பு புடிச்சுக்கினு போனேன்."