காத்திருக்காத பிள்ளைகள்

அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் பெருந்தலைவி நம்பூமா அம்மையார் அவர்களே, தலைநகர் லிலோங்வேயிலிருந்து மூன்றாம் முறையும் துணிந்து வந்திருக்கும் அதிகாரி ஐயா அவர்களே, ஏரிக்கரையிலிருந்து கருவாட்டு மணத்தோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளையை முதுகிலே கட்டிக் கட்டித் தோள் காய்த்துப்போன என் தாய்மார்களே! சலவைக்காரி எஸ்னாத்தின் வணக்கம்.

ஆம், சலவைக்காரிதான்! ஒன்பது ஆண்டுகள் இந்த நம்பாசா மருத்துவமனையின் போர்வைகளைத் துவைத்த கைகள் இவை. இன்று இதே கைகள், விறைத்துப்போன பிஞ்சுக் கால்களை நீவி நிமிர்த்துகின்றன. பெருமையாகச் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இல்லையா? இருக்கிறதா? அப்படியானால் பின்வரிசையும் கொஞ்சம் பலமாகத் தட்டட்டும்!

மறப்போமா அந்த நாளை? கழுத்து நிற்காத, கால் ஊன்றாத பிள்ளைகள் நூற்று எண்பத்தாறு பேர். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு இயன்முறை மருத்துவர், நம் வொங்கானி தம்பி. காத்திருப்போர் ஏட்டில் என் மகள் டியாமிகே நூற்று எழுபத்தொன்று. அவள் முறை வரப் பதினான்கு மாதம். பதினான்கு மாதம் நாம் காத்திருப்போம், கால் காத்திருக்குமா? முட்டி மடங்கியபடியே இறுகிவிடும் என்று தம்பியே சொன்னார்.

அவரே ஒரு வழியும் கண்டார். முதலில் வந்த தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ந்சிமா களி கிளறும் கொட்டகையிலே, இடுப்புத் துணியைச் சுருட்டிப் பிள்ளையின் நெஞ்சுக்கடியில் வைத்து, தலை தூக்கப் பழக்கினோம். எனக்குச் சொல்லிக்கொடுத்த லோனெஸி அக்கா என்னை அதட்டியது இன்னும் காதில் ஒலிக்கிறது: "ஏய் எஸ்னாத், இது போர்வையில்லடி முறுக்கிப் பிழிய! மெதுவா நீட்டு!"

தலை தூக்காதவன் தூக்கினான். உட்காராதவள் உட்கார்ந்தாள். அங்கேதான் தாய்மார்களே, நாம் தவறு செய்தோம். ஒரே தட்டில் கூடி உண்ணும் ஊர் நம் ஊர். வயிறு நிறைந்தவள் பாயை விட்டு எழுந்து அடுத்தவளுக்கு இடம் விடுவாள். அந்தப் பழக்கத்திலே, பிள்ளை கொஞ்சம் தேறியதும் அவளவள் போய்த் தன் பிள்ளையின் பெயரை ஏட்டில் கோடு போட்டு அடித்துவிட்டு வந்தாள். நானும் அடித்தேன். என் மகள் இன்னும் நிற்கவில்லை. தவழ்ந்ததற்கே மகிழ்ந்துபோய் அடித்தேன்.

வந்தார் அதிகாரி ஐயா. ஏட்டைப் புரட்டினார். "பதினாலு பிள்ளைங்கதானா? இதுக்கு ஒரு ஆளா? இவரை வேற ஊருக்கு மாத்திடலாம்."

ஐயா தலையைக் குனிகிறார். குனிய வேண்டாம் ஐயா, ஏடு அப்படித்தான் சொன்னது!

தம்பி போய்விட்டால், பாதி கற்ற நமக்கு மீதியைக் கற்பிப்பார் யார்? என் மகளின் முட்டியை நிமிர்த்துவார் யார்? ஈரப் போர்வையும் கையுமாக ஓடிப்போய் அவர்முன் நின்றேன்.

"ஐயா, அதுல இருக்கிறது காத்திருக்கிற பிள்ளைங்க. காத்திருக்காத பிள்ளைங்களை நாங்க எழுதலையே!"

"எழுதாததை நான் எப்படிம்மா எண்றது?"

"வெள்ளிக்கிழமை வாங்க. நேர்ல எண்ணிக்குங்க."

வந்தார்களே என் தாய்மார்கள்! சேற்றைத் தாண்டி வந்தார்கள், சைக்கிளில் தொற்றி வந்தார்கள், ஏட்டிலே ஒருநாளும் ஏறாதவர்களையும் சேர்த்து இருநூற்று முப்பத்தொரு பிள்ளைகளோடு வந்தார்கள்! லோனெஸி அக்கா பதினோரு வயது மகனை முதுகில் சுமந்து வந்து, நேராக ஐயாவின் மடியில் வைத்தாள். "கொஞ்சம் பிடிச்சுக்குங்க ஐயா, இவன் பேரைத் திரும்ப எழுதிட்டு வந்துடறேன்." வரிசை நகர ஒரு மணி நேரம். ஐயா அசையவில்லை, பையன்தான் அவர் கால்சட்டையை நனைத்துவிட்டான். அதைத் துவைத்ததும் நானேதான்! சிரியுங்கள், சிரியுங்கள், ஐயாவே சிரிக்கிறார்.

தம்பி நம்மோடு இருக்கிறார். இரண்டாம் மருத்துவராக எல்லுபி தங்கை இன்று பொறுப்பேற்கிறார். தாய்மார் அறுவர் உதவியாளர் ஆகியிருக்கிறோம். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பிள்ளை தேறினாலும் பெயரை அடிக்காதீர்கள். நாம் எத்தனை பேர் என்பது ஏட்டுக்குத் தெரியட்டும்!

பெருந்தலைவி அவர்களே, பெண்பிள்ளைகள் பெரியவர்களுக்கு மண்டியிட்டு நன்றி சொல்வது நம் மரபு. இன்று ஒருநாள் பொறுத்தருளுங்கள். ஆறு ஆண்டுகள் முட்டி மடங்கியே கிடந்தவள் என் மகள். இந்த அவைக்கு என் நன்றியையும் வணக்கத்தையும் அவளே சொல்வாள்.

டியாமிகே, அம்மா கையை விடு. நின்னுக்கிட்டே சொல்லும்மா.