சனிக்கிழமைத் தண்ணீரைக் காத்த உம் குஸைக்கு

"எடுத்து எறியுங்க அந்த மாமியாரை! ஒண்ணு அது இந்த ஆபீஸ்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

"நீ தாராளமா இரு நவ்வாஃப். அது கைகாட்டுற வரியை மட்டும் திருத்திட்டு இரு."

"அதுல திருத்த ஒண்ணுமே இல்ல உம் குஸை! சும்மா கத்துது! போன மாசம் மூணு தடவை சும்மாதானே கத்துச்சு?"

"கத்துச்சு. மூணுக்கும் எல்லார் முன்னாடியும் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். இது நாலாவது. இதுக்குக் கேக்க மாட்டேன்."

பிழை பொறுக்காப் பெருந்தகையே! குறை கண்டு குணம் வளர்த்த கோமகளே! அடைப்புக்குறிகளை அதனதன் இடத்தில் அமர வைத்த அன்னையே! குஸையைப் பெற்றதால் 'உம் குஸை' ஆனவரே, எங்களைப் பெறாமலே திருத்தியவரே! ஐன் ஸாஹியா மென்பொருளகத்தின் இருபத்தாறு ஆண்டு விழிப்பே! ரிஹாப் அம்மையாரே, வாழிய!

பூச்செண்டும் புகைப்படக்காரரும் காத்திருக்கும் உங்கள் பணி ஓய்வு நன்னாளில், பதினொரு ஆண்டுக்கு முந்தைய ஒரு கூச்சலோடு மடலைத் தொடங்குகிறார்களே என்று நீங்கள் புருவம் உயர்த்துவது எங்களுக்குத் தெரிகிறது. வேறு அலுவலகமாக இருந்தால் "அமைதியின் உருவே" என்று ஆரம்பித்திருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் முதலில் எழுதினோம். படித்துப் பார்த்ததும் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையில்லாத வரியை உங்கள் முன் வாசித்துவிட்டு யார் தப்புவது என்று அடித்துவிட்டோம். அன்றைய கூச்சல் இந்த ஜபல் அல்-வைப்தே தெருவின் பாதிக்குக் கேட்டது. கீழ்த்தளத்துத் தையற்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படி வரை வந்து நின்றதை அவர் இன்றும் மறுக்கிறார். அவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை நாங்கள் பார்த்தோம்.

அந்த மாமியார் யாரென்று விருந்தினர்களுக்கு ஒரு சொல். நாம் எழுதும் நிரல், மலைகள்மேல் வீடுகளாய் எழுந்த இந்த அம்மான் நகரத்தின் சில மலைகளுக்கு முறைவைத்துத் தண்ணீர் திறப்பது. ஒரு மலைக்கு வாரத்தில் ஒரு நாள். அந்த நாளில் கூரைத் தொட்டி நிரம்பவில்லையென்றால் அடுத்த வாரம் வரை அந்த வீட்டில் யார் முகத்திலும் சிரிப்பிருக்காது. அப்படிப்பட்ட நிரலை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னமே வரி வரியாகப் படித்து, இது கோணல், இது அழுக்கு, இது ஆபத்து என்று தானாகவே சொல்லும் ஒரு கருவியை நீங்கள் கொண்டுவந்து அமர்த்தினீர்கள். அது சுட்டியதைத் திருத்தாமல் எதுவும் வாசல் தாண்டாது என்றும் ஏற்பாடு செய்தீர்கள். எழுதியவரின் அனுபவம் பாராமல், மனநிலை பாராமல், சமையலறைக்குள் வந்து உப்புப் பார்ப்பதுபோல் பார்த்ததால் அதற்கு மாமியார் என்று பெயர் விழுந்தது. வைத்தவர் நவ்வாஃப். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

மாமியார் முதன்முதலாக வாய் திறந்த நாளில் வந்த எச்சரிக்கைகள் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு! அவற்றை எழுதியவர்களின் பெயர் வாரியாக அச்சிட்டு நடைச் சுவரில் ஒட்டச் சொன்னவர் நம் மேலாளர் அபூ ஸைதூன். ஒட்டி முடித்ததும் தன் பெயரே இரண்டாவதாக நிற்பதைக் கண்டு, பட்டியல் மேல் நாட்காட்டியை மாட்டியவரும் அவரே. எல்லாரும் இடிந்துபோய் நின்றபோது நீங்கள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "பழசு பழசாவே கிடக்கட்டும், யாரும் அழ வேண்டாம். இன்னையிலேர்ந்து புதுசா ஒண்ணுகூடக் கூடாது. வியாழக்கிழமை டீ குடிக்கிறப்போ ஆளுக்குப் பத்துப் பழசை எடுத்துத் திருத்துவோம். குடிக்கிற டீக்கு அதுகூடச் செய்யலன்னா எப்படி?" அவ்வளவுதான், அம்மையீர்! நாலாயிரம் கண்டு நடுங்கியவர்கள் பத்தைக் கண்டு பல்லைக் காட்டினோம்.

இன்னொரு விதியும் வைத்தீர்கள். மாமியார் சொல்வது தவறென்று தோன்றினால் அவள் வாயை அடைக்கலாம். அதற்கு நிரலில் ஒரு வரி போதும். ஆனால் ஏன் அடைத்தோம் என்று அதன் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். காரணம் எழுதாமல் அடைத்தவர் அலுவலகம் முழுமைக்கும் ஒரு தாம்பாளம் குனாஃபா இனிப்பு வாங்க வேண்டும். சூடாக, பாகு சொட்டச் சொட்ட. அதுவரை அந்த அடைப்பும் எச்சரிக்கைக் கணக்கில் ஒன்றாகவே நிற்கும். அந்த விதியால் நிரல் இளைத்தது, நாங்கள் பருத்தோம்.

முஸன்னாவையும் குதைபாவையும் மறக்க முடியுமா! வரியின் தொடக்கத்தில் எத்தனை இடம் விடுவது, அடைப்புக்குறியை அதே வரியில் போடுவதா, அடுத்த வரியில் போடுவதா என்ற வழக்கில் ஏழு மாதம் முகம் கொடுத்துப் பேசாதிருந்தவர்கள் அவர்கள். ஒருவர் பகலில் மாற்றியதை மற்றவர் மாலையில் திருப்பி மாற்றுவார். நீங்கள் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. சேமித்த மறுகணம் எல்லாக் கோப்பையும் ஒரே அச்சில் வார்த்துவிடும்படி கருவிக்குச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டீர்கள். சண்டை போட ஒன்றுமில்லாமல் இருவரும் வெறுங்கையோடு நின்ற காட்சி! "இப்ப இது யார் பாணி?" என்று முஸன்னா கேட்டார். "யாரோடதும் இல்ல. அதனாலதான் அழகா இருக்கு" என்றார் குதைபா. ஏழு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருவோம். கோடைக்கால முறை அட்டவணை வியாழனன்று போயாக வேண்டும். சனிக்கிழமை காலையிலிருந்து அது நடைமுறைக்கு வரும். நவ்வாஃபின் பதினொரு நாள் உழைப்பு வாசலில் வந்து நிற்க, மாமியார் ஒரே ஒரு வரியைக் காட்டி மறித்துவிட்டாள்: இல்லாத இடத்தை இந்த வரி தொடக்கூடும். அபூ ஸைதூன் இரண்டு பக்கமும் தலையாட்டிப் பார்த்துவிட்டு, "உம் குஸை, அடுத்த வாரம் வரைக்கும் அதைக் கொஞ்சம் நிறுத்தி வெச்சா என்னங்க?" என்றார்.

நீங்கள் கழுத்திலிருந்த வாசல் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தீர்கள்.

"நவ்வாஃப் சொல்றது சரின்னா நான் நாளைக்கு வரல. அதுக்கப்புறமும் வரல. ஆனா அந்த வரியைப் பாக்காம இது வெளிய போகாது."

அந்த ஆண்டுதான் குஸை பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தான். வீட்டுக்குச் சம்பாதிப்பவர் நீங்கள் ஒருவர்தான். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், இது அம்மான்! அதனால் அந்த அட்டை மேசையில் விழுந்த சத்தத்துக்கு நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நவ்வாஃபின் முகமும் வெளுத்தது. "நல்லாத்தானே ஓடுது? ஞாயித்துக்கிழமை ஓட்டினேன், திங்கள் ஓட்டினேன், நேத்து ஓட்டினேன், இன்னைக்கும் ஓட்டினேன்…"

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை லீவாச்சே!"

சொன்ன வாய் மூடவில்லை, எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெள்ளியும் சனியும் நமக்கு விடுமுறை. இத்தனை வருடமாக, இத்தனை பேர், அன்றன்றைய தேதியில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியோடு வீட்டுக்குப் போனவர்கள். எவருமே ஒரு சனிக்கிழமையை ஓட்டிப் பார்த்ததில்லை! மாமியாருக்கு மட்டும் விடுமுறை கிடையாது.

சோதனைப் பலகையில் மலைக்கொரு விளக்கு. தேதியைச் சனிக்கிழமைக்குத் தள்ளினோம். அன்று முறை அஷ்ரஃபிய்யா மலைக்கு. அந்த விளக்கு எரியவில்லை. "பல்புதான் போயிடுச்சு" என்று நவ்வாஃப் புது பல்பு மாட்டினார். புது பல்பும் எரியவில்லை. கடைசியில் மாமியார் காட்டிய வரியைப் பார்த்தோம்: கிழமைக்கு ஒன்றாக ஏழு பெட்டிகள். கம்ப்யூட்டர் முதல் பெட்டிக்கு வைக்கும் எண் ஒன்றல்ல, சுழி. ஞாயிறை ஒன்றென்று எண்ணிப் பழகிய நவ்வாஃபின் கை முதல் பெட்டியைக் காலியாக விட்டு, இரண்டாவதிலிருந்து நிரப்பிக்கொண்டே போயிருக்கிறது. ஆறு நாளுக்கு இடம் இருந்தது. சனிக்கிழமை மட்டும் இல்லாத எட்டாவது பெட்டியைத் தேடிப் போய்த் தொலைந்துவிட்டது.

அபூ ஸைதூனுக்கு அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. தெரியாதவர்போலத்தான் கேட்டார்.

"ஏன் நவ்வாஃப், உனக்குப் பொண்ணு எடுக்கிற வீடு எந்த மலை?"

"அஷ்ரஃபிய்யா."

"மருதாணி வைக்கிற விழா என்னைக்கு?"

"வர்ற ஞாயித்துக்கிழமை."

"எத்தனை பொம்பளைங்க வர்றாங்க?"

"நூத்தி இருபது" என்றார் நவ்வாஃப், அழுகிற குரலில். சனிக்கிழமை தொட்டி நிரம்பாத வீட்டில், ஞாயிற்றுக்கிழமை நூற்றிருபது பெண்கள்! தையற்காரர் மாடிப்படியிலிருந்தே சிரித்தார். அதையும் மறுக்கிறார்.

நவ்வாஃப் எழுந்து வந்து மேசையிலிருந்த அட்டையை எடுத்தார். இரண்டு கையாலும் உங்களிடம் நீட்டினார். "போட்டுக்கோங்க உம் குஸை. இந்த மாமியார் கத்துனதோட போச்சு. அந்த மாமியாரா இருந்தா பொண்ணையே குடுத்திருக்க மாட்டாங்க." நீங்கள் அட்டையை மாட்டிக்கொண்டு, "முதல்ல வரியைத் திருத்து. அப்புறம் கல்யாணம்" என்றீர்கள். அன்று மாலையே நிரல் வாசல் தாண்டியது. சனிக்கிழமை அஷ்ரஃபிய்யாவின் கூரைகளில் தண்ணீர் கொட்டிய சத்தத்தைக் கேட்கவென்றே நவ்வாஃப் அங்கே போய் நின்றாராம். பெண்ணைப் பார்க்கப் போனதாகத்தான் வீட்டில் சொன்னார்!

அதற்குப் பின் அலுவலகமே தலைகீழாயிற்று! சுவர்ப் பலகையில் எச்சரிக்கை எண்ணிக்கை மூவாயிரமாய், ஆயிரமாய், நூறாய், பத்தாய் இறங்க இறங்கக் கால்பந்தாட்டம் பார்ப்பதுபோல் கத்தினோம். இந்த வசந்தத்தில் அது ஒன்றில் வந்து நின்றது. அந்தக் கடைசி ஒன்றை வேட்டையாடியவர் நவ்வாஃப். கண்டுபிடித்ததும் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்: "காரணம் எழுதாம வாயை அடைச்சிருக்காங்க! யாருன்னு கேளுங்க! உம் குஸையேதான்! பதினோரு வருஷம் முன்னாடி! குனாஃபா! குனாஃபா!"

நாங்கள் கைதட்டி, மேசை தட்டி, ஆர்ப்பரித்தோம். விதி வைத்தவரே விதியில் விழுந்தால் அதைவிட இனிப்பு ஏது! நீங்கள் மட்டும், "சரி, வாங்கித் தர்றேன். கீழ இறங்கு" என்றீர்கள். அவர் இறங்கவில்லை. அது எந்த நிரல், எழுதியவர் யார் என்று உரக்க வாசிக்கத் தொடங்கி, பாதியில் நின்றார். அது அவரே எழுதியது. பயிற்சிக்கு வந்த முதல் மாதத்தில் எழுதிய, எதற்கும் பயன்படாத, எவரும் அழைக்காத இருபது வரி. சுவரில் பட்டியல் ஒட்டப்படுவதற்கு முதல் நாள் அதன் வாயை நீங்கள் அடைத்திருக்கிறீர்கள், புதுப்பையன் பெயர் சிரிப்புக்கு ஆளாகாமலிருக்க. காரணத்தை எழுதியிருந்தால் அவர் மானம் போயிருக்கும். எழுதாததால் ஒரு தாம்பாளம் கடன் உங்கள் தலையில். உங்களைப் பார்த்து ஊருக்கே கேட்கும்படி கத்திய மனிதரை, அவர் கத்துவதற்கு முன்பே காத்து வைத்திருந்தீர்கள்!

நவ்வாஃப் நாற்காலியை விட்டு இறங்கினார், அந்த இருபது வரியை அழித்தார், பலகையில் சுழி போட்டார், தெருவுக்கு ஓடிக் குனாஃபா வாங்கி வந்தார். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டோம். பாகு பட்டுவிட்டதாம்.

அம்மையீர், இன்று நீங்கள் அந்த வாசல் அட்டையை மீண்டும் மேசைமேல் வைக்கப் போகிறீர்கள். அன்று எடுத்துக் கொடுக்க ஒரு கை இருந்தது. இன்று இங்கே நாற்பது கைகள் இருந்தும் எடுத்துக் கொடுக்க உரிமையில்லை. ஆகவே அதை இந்த மடலோடு சேர்த்துச் சட்டமிட்டு, நாட்காட்டி தொங்கும் அதே சுவரில் மாட்டுகிறோம். உங்கள் பார்வை கூர்மையாகவும், முழங்கால் வலியின்றியும், கூரைத் தொட்டி எந்நாளும் நிறைந்தும் நூறாண்டு வாழ்க! சனிக்கிழமைகளும் சேர்த்துத்தான்.

மற்றச் செய்திகள் உங்களுக்குத் தெரிந்தவையே. நவ்வாஃப் மணந்தார், மூன்று பெண் குழந்தைகள், மாமியாரோடு ஒரே வீட்டில், சத்தமில்லாமல். முஸன்னா குதைபாவின் தங்கையை மணந்து அகபாவுக்குக் குடிபோனார். வீட்டில் யார் பாணி என்று கேட்டால் தம்பதி இருவரும் பேச்சை மாற்றுகிறார்கள். நீங்கள் அடுத்த வாரம் இர்பிதில் குஸையின் வீட்டுக்குப் போகிறீர்கள். உங்கள் மருமகள் எங்களுக்கு ரகசியமாக ஃபோன் செய்தாள். "உண்மையைச் சொல்லுங்க, அத்தை வீட்டுலயும் எல்லாத்துக்கும் குத்தம் சொல்வாங்களா?" என்று கேட்டாள்.

"சொல்வாங்கம்மா" என்றோம். "ஆனா உன் பேரைச் சுவத்துல ஒட்ட விடமாட்டாங்க."

என்றும் உங்கள் கண்ணுக்கு அஞ்சி, உங்கள் அன்புக்கு நெகிழும்,
ஐன் ஸாஹியா மென்பொருளகத்தார் நாற்பதின்மர்,
கீழ்த்தளத்துத் தையற்காரர் உட்பட.
அம்மான்.