தைத்து மூடிய காது மெஷின்

மேலே பதிந்துள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்து மூன்று. வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுக்கிறேன். இறந்துபோனவர் என் மாமனார், பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள், அதாவது என் நாத்தனார், கொடுத்த புகாரின் பேரில் இன்று காவல் நிலையத்துக்கு வந்து உதவி ஆய்வாளர் முன் இதைச் சொல்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. மிரட்டிப் பறிக்க என்னிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை என்று சொன்னேன், அதையும் எழுத்தர் எழுதிக்கொண்டார்.

மாமனாருக்கு இரண்டு காதும் கேட்காது. வலது காதில் மெஷின் மாட்டினால்தான் பேச்சு விளங்கும். அது சரியாகப் பொருந்தாவிட்டால் விசில் அடிக்கும், அப்போதெல்லாம் "வண்டியை நிறுத்தச் சொல்லுதும்மா" என்பார். எனக்கும் அவருக்கும் ஓயாமல் சண்டை நடக்கும் என்று நாத்தனார் எழுதியிருப்பது உண்மை. டி.வி. சத்தத்துக்கு, உப்புக்கு, அணைக்காத விளக்குக்கு என்று தினமும் நடக்கும். அது இல்லாவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் பொழுது போகாது.

புயல் இந்தப் பக்கம் கரையைக் கடக்கப்போகிறது என்று அறிவித்தபோது என் கணவர் மருத்துவமனையில் ஜெனரேட்டர் வேலையில் இருந்தார், புயல் ஓயும்வரை தன்னால் வர முடியாது என்று போனில் சொன்னார். அதன் பிறகு நானும் மாமனாரும் என் மகளும் வீட்டைத் தயார் செய்தோம். இருக்கிற பாத்திரத்தில் எல்லாம் தண்ணீர் பிடித்தோம், அதன் பிறகு ஜன்னல்களுக்கு வெளியே பலகை அடித்தோம். நான் பிடித்துக்கொள்ள அவர் ஆணி அடித்தார். ஒரு அடி என் கட்டைவிரலில் விழுந்தது. "தலைக்குத்தான் வச்சேன், குறி தப்பிருச்சு" என்றார். கறுத்துப்போன அந்த நகத்தை உதவி ஆய்வாளர் பார்வையிட்டார்.

அதன் பிறகு வீட்டுப் பத்திரம், மகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் ரெக்ஸின் துணியில் சுற்றி, மெஷினில் ஓரம் தைத்து, தையலின் மேல் மெழுகு தேய்த்துப் பரணில் ஏற்றினேன். கடைசியாகக் காது மெஷினைக் கேட்டேன். முன்பு ஒரு மழையில் அது நனைந்து பழுதாகி, சரிசெய்து வரும்வரை நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது.

"கழட்டிக் குடுங்க மாமா."

"புயல் எப்படிக் கத்துதுன்னு கேக்க வேணாமா?"

"கேட்டு என்ன பண்ணப் போறீங்க, ஏறி டிக்கெட் குடுக்கப் போறீங்களா?"

சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ரெக்ஸினில் வைத்து, நான்கு பக்கமும் இரட்டைத் தையல் போட்டேன். மூன்று பேரும் ஒன்றாக வீட்டிலேயே இருப்பதாகத்தான் அப்போது எண்ணம்.

அதன் பிறகு தெருவுக்குள் லாரி வந்தது. கடல் தண்ணீர் ஊருக்குள் ஏறும், எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும், பெண்களும் பிள்ளைகளும் முதல் நடை, ஆண்கள் அடுத்த நடை என்று மைக்கில் சொன்னார்கள். நான் மாமனாருக்கு நேரே நின்று, கையையும் காட்டி, "வெளிய நிக்காதீங்க, ஓடு பறக்குது. வந்து கூப்பிடுவாங்க, அப்ப கிளம்பினா போதும்" என்றேன். வாயசைவைப் பார்த்தே புரிந்து தலையாட்டினார். அதனால்தான் எனக்கு உறைக்கவில்லை. என் பேச்சை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றைக்குத்தான். லாரி நகர்ந்தபோது கதவைக் கொஞ்சம் திறந்து, "போலாம் ரைட்!" என்று குரல் கொடுத்தார். லாரியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பள்ளிக்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்த பிறகு என் மகள், "வந்து கூப்பிட்டா தாத்தாவுக்கு எப்படிம்மா கேக்கும்?" என்றாள். வாசலுக்கு ஓடினேன். லாரி அடுத்த நடைக்குப் போய்விட்டிருந்தது. தெருவில் இருந்த யாருக்கும் போன் போகவில்லை. அதன் பிறகு லாரி திரும்பி வந்தது, எங்கள் தெரு ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள், அவர் இறங்கவில்லை. ஓட்டுநரிடம் கேட்டேன்.

"மைக்குல கூப்பிட்டோம்மா, ஹாரனும் அடிச்சோம். ஜன்னலுக்கெல்லாம் பலகை, கதவு சாத்தியிருக்கு, ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. ஆளுங்க முன்னாடியே போயிட்டாங்கன்னு நினைச்சோம்."

இறங்கித் தட்டினீர்களா என்று கேட்டேன். தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது, இறங்கவில்லை என்றார். விவரம் சொன்னதும் அவர் லாரியைத் திருப்பத்தான் பார்த்தார், வழியிலுள்ள பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது என்று அங்கிருந்த அதிகாரி தடுத்துவிட்டார். அவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. நான் லாரியின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன், இரண்டு பெண்கள் என்னைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு நானும் என் கணவரும் வீட்டுக்குப் போனோம். ஒரு ஜன்னல்கூட உடையவில்லை. ஒரே ஒரு பலகை மட்டும் உள்ளிருந்து நெம்பியதில் விரல் நுழையும் அளவு பெயர்ந்திருந்தது. ஊறி இறுகியிருந்த கதவை என் கணவர் கடப்பாரையால் உடைத்தார். மாமனார் கதவுக்குப் பின்னால் கிடந்தார். சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் நின்ற தடம் இருந்தது. சட்டையை மாற்றி, செருப்புப் போட்டு, பையைத் தோளில் மாட்டியிருந்தார். யாராவது கூப்பிடுவார்கள் என்று கிளம்பித் தயாராகக் காத்திருந்திருக்கிறார். முழங்கால் வலியால் அவரால் பரணில் ஏற முடியாது.

காது மெஷினைப் பிடுங்கி வைத்தேன், வீட்டை அடைத்து அவரை உள்ளே விட்டுப் போனேன் என்று நாத்தனார் புகாரில் எழுதியிருக்கிறார். 'வேண்டுமென்றே' என்ற ஒரு வார்த்தையைத் தவிர அதில் பொய் இல்லை. அந்த வார்த்தையை எடுத்துவிட்டாலும் எனக்கு ஒன்றும் லேசாகிவிடாது. என் கணவர் இதுவரை என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் நன்றாக இருக்கும்.

பரணிலிருந்த அந்தப் பொட்டலத்தை இன்று நிலையத்தில் ஒப்படைத்தேன். இரட்டைத் தையல் என்பதால் பிரிக்க எழுத்தருக்கு நேரம் பிடித்தது. உள்ளே துளி ஈரம் இல்லை. எழுத்தர் மெஷினை எடுத்து உள்ளங்கையில் மூடியதும் விசில் அடித்தது. அவசரத்தில் அதை அணைக்காமலே தைத்துவிட்டிருக்கிறேன். மைக்கில் கூப்பிட்டதும் ஹாரன் அடித்ததும் பரணில் இருந்த அதற்குக் கேட்டிருக்கும்.

நான் சொல்லி எழுத்தர் எழுதிய இதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். ஒரு வரி விடாமல் என் காதில் விழுந்தது. அத்தனையும் நடந்தது நடந்தபடியே.

(கையொப்பம்)