வரக்காப்பி போதுங்கம்மா

பாலு வேண்டாங்கம்மா. கோவிச்சுக்காதீங்க, வரக்காப்பி போதும். அது காச்சுன பாலா, கறந்தபடியா? இல்லீங்க, சும்மாதான் கேட்டேன்.

டாக்டரு மறுபடி படிக்கறதான்னு சிரிக்கறீங்க. என்னைய மாதிரி மாட்டு டாக்டருங்கள மனுச நோவு ஆராய்ச்சிக்குப் பழக்கறாங்கம்மா. மூணு வருசம் பி.எச்.டி., செலவெல்லாம் அவங்களுது. நாடு பூரா எட்டே பேரு. போத்தனூருல எங்கப்பா சர்ச்சுல எந்திரிச்சு நின்னு, ஆண்டவருக்கு நன்றின்னு சாட்சியே சொல்லிப்போட்டாரு.

அதுக்குத்தான் தை மாசம் வந்து உங்க மாடுகளுக்கு ரத்தம் எடுத்தேன். காது கிழிஞ்ச செவல ஒதைச்சுதே, மாட்டு டாக்டரே மாட்டுக்குப் பயந்தா எப்பிடி கண்ணுன்னீங்களே, அன்னைக்கு.

ட்யூபுல பேரு எழுதக்கூடாதுங்க. வெறும் நம்பருதான். எது ஆரு ஊட்டு மாடுன்னு எங்களுக்கே தெரியக்கூடாது. முடிவ வெளிய சொல்லவும் கூடாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறேன். மீறுனா அன்னைக்கே அனுப்பிப்போடுவாங்க.

எங்க சாரு நல்ல மனுசன்தான். ஒரு ஊட்டுக்காச்சும் முடிவச் சொல்லிக்கறேன்னு ரண்டுதரம் போய் நின்னேன். கமிட்டி கூடட்டும்மான்னாரு. கமிட்டி கார்த்திகைலதானுங்க கூடுது.

உங்க மருமக லாஸ்யா எங்கீங்க? படுத்திருக்கறாளா? அஞ்சு மாசமாச்சா. சாயங்காலமானா காய்ச்சலா? எத்தன நாளா? மசக்கைல காய்ச்சலெல்லாம் வராதுங்கம்மா.

போன மாசம் செவல நாளாகாமயே கன்னு வீசுச்சுன்னீங்களே, நச்சுக்கொடிய ஆரு எடுத்தா? அவளா? வெறுங்கையிலயா.

இல்லீங்க, காப்பி நல்லாத்தான் இருக்குது.

ஒதை வாங்குன அன்னைக்கு நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. கடுப்புல, என்ற நோட்டுல இருபத்தேழாம் நம்பருக்குப் பக்கத்துல, காது கிழிஞ்சது, ஒதைக்கும்னு எழுதிப்போட்டேன். எழுதாம இருந்திருந்தா இன்னைக்கு எனக்கும் தெரிஞ்சிருக்காது. முடிவு வந்ததுலருந்து மூணு வாரமா அந்த நோட்டத் தொறக்கறதும் மூடறதுமா இருக்கறேன்.

இருபத்தேழுக்கு கன்னு வீச்சு நோவு இருக்குதுங்கம்மா. தொட்டவிங்களுக்கும் ஒட்டும், காச்சாத பாலுலயும் வரும். வவுத்துல இருக்கற கொழந்தைக்கு ஆகாது.

உக்காருங்க, உக்காருங்க. மருந்து இருக்குது. கார் கொண்டாந்திருக்கறேன், அவள எழுப்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தரலாம். அங்க டாக்டரம்மா எதுக்கு இந்த டெஸ்டு, ஆரு சொன்னான்னு கேப்பாங்க. போத்தனூரு தேவானந்தம் மகளு டீனான்னு என்ற பேரையே சொல்லுங்க. பேரு எழுதிக்கட்டும்.