முதலில் நான் வாசித்துக் காட்டுவேன்

பியானோ சொல்லிக்கொடுப்பவர்களுக்கு முதலில் கெட்டுப்போவது காது என்று பலர் நினைக்கிறார்கள். கழுத்துதான். பிள்ளையின் கையை ஒரு கண்ணாலும் இசைத் தாளை ஒரு கண்ணாலும் பார்த்துப் பார்த்து, எனக்கு இப்போதெல்லாம் கழுத்து இடது பக்கம் மட்டும்தான் ஒழுங்காகத் திரும்புகிறது. நீங்கள் மூன்று பேரும் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினால் அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். சொல்வதில் எனக்குத் தடை ஒன்றும் இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என் வீடு ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருக்கிறது. கூடத்துத் தரையில், இசைத் தாளில் இருப்பதுபோலவே, வெள்ளை நாடாவால் ஐந்து நீளக் கோடுகள் ஒட்டியிருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளையைப் பியானோவைத் தொட விடமாட்டேன். முதலில் அந்தக் கோடுகளில் நிற்க வேண்டும். கோட்டின் மேல் நின்றால் ஒரு சுரம், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் நின்றால் அடுத்த சுரம். அது பழகிய பிறகு நடை. தண்டு வைத்த கறுப்புப் புள்ளிக்கு ஓர் அடி. தண்டு வைத்த வெள்ளைப் புள்ளி என்றால் ஓர் அடி வைத்துவிட்டு இரண்டு எண்ணும்வரை நிற்க வேண்டும். தண்டே இல்லாத வெள்ளை முட்டைக்கு நான்கு எண்ணும்வரை. கறுப்புப் புள்ளிகள் இரண்டிரண்டாகக் கைகோத்து வந்தால் ஓட்டம். ஓட்டம் நடக்கிற அன்றைக்கு டாக்டர் மூச்சு வாங்க மேலே ஏறி வருவார்.

"மேடம், மேல மாடு கீடு வளக்கிறீங்களா? கீழ ஒருத்தர் வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு நடுங்கறாரு."

"இன்னிக்கு ஓட்டம் டாக்டர். அடுத்த வாரம் மௌனம்."

மௌனக் குறியைப் பற்றிய பாடம் அவருக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்காது. சத்தம் இல்லாத இடத்தை அப்படியே முழுங்கிவிட்டு அடுத்த சுரத்துக்குத் தாவிவிடுவார்கள். வாசிக்காத நேரத்தையும் எண்ணியாக வேண்டும் என்று அவர்கள் மண்டையில் ஏற்றுவதற்குள் என் தாவு தீர்ந்துவிடும். ஆனால் ஏற்றிவிடுவேன். ஒரு வருஷம் என்னிடம் வந்த பிள்ளையின் முன்னால் எந்தத் தாளை வைத்தாலும், தட்டுத் தடுமாறியாவது வாசித்துவிடும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. உங்கள் இசைக் கல்லூரியில் பியானோ பிரிவுக்குத் தலைவியாக இருக்கும் என் தங்கையே சொல்லியிருக்கிறாள்.

"உன்கிட்டேருந்து வர்ற பசங்களுக்கு நோட்டு நல்லா படிக்க வருதுக்கா. எனக்குப் பாதி வேலை மிச்சம்."

மனதாரத்தான் சொன்னாள். அவளுக்கு வஞ்சகம் தெரியாது. அவளுக்கே நோட்டு படிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான்; எங்கள் வீட்டில் இருந்த ஒரே பியானோவில், மதியத் தூக்கத்தை விட்டுவிட்டுக் கற்றுக்கொடுத்தேன். படிக்க வந்ததும் அவளுக்கு நான் தேவைப்படவில்லை. கடையில் தாள் வாங்கி வந்து தானே வாசித்தாள், பரீட்சை எழுதினாள், போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்த கெட்டிக்காரப் பிள்ளைகளும் அப்படியே. கண் திறந்தவுடன் என் மாடிப்படியில் இறங்கி, உங்கள் கல்லூரிப் படியில் ஏறினார்கள். கச்சேரி அழைப்பிதழில் தங்கையின் மாணவி, தங்கையின் மாணவன் என்று அச்சாகும். நான் கூட்டத்தோடு உட்கார்ந்து கைதட்டுவேன். வயிற்றெரிச்சல் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. கைதட்டுவதில் தாளம் மட்டும் பிசகியதில்லை.

ரேடியோ என்கிற பெண் என்னிடம் வந்தபோது அவளுக்கு எட்டு வயது. மற்றப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. எதைக் கேட்டாலும் திரும்ப வாசித்துவிடுவாள். அவள் அம்மா பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். முதல் நாள் அந்தம்மா என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, இந்தப் பெண் பியானோ பக்கம் நழுவி, கீழே டாக்டர் கிளினிக்கின் அழைப்பு மணி இசையை இரண்டு கையாலும் வாசித்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைக்கு என் விதியை நானே மீறினேன். அவளைக் கோட்டில் நிற்க வைக்காமல் நேராகப் பியானோ முன்னால் உட்கார வைத்தேன். அது பேராசையில் செய்த தவறு. அதற்குப் பிறகு செய்ததைத் தவறு என்று சொல்ல முடியாது, தெரிந்தே செய்தேன்.

புதுப் பாட்டு என்றால் முதலில் நான் ஒரு தடவை வாசித்துக் காட்டுவேன். அவள் தாளை உற்றுப் பார்த்துக்கொண்டே கேட்பாள். பிறகு தாளை உற்றுப் பார்த்துக்கொண்டே வாசிப்பாள். ஒரு பிசகு இருக்காது. படிக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் அவசரத்தில் தாளை மாற்றி வைத்துவிட்டேன். ஸ்டாண்டில் இருந்தது வேறொரு பிள்ளையின் பாட்டு, மூன்று தட்டுக் கணக்கில் வரும் மெதுவான பாட்டு. இவள் அதையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு, போன வாரம் நான் வாசித்துக் காட்டிய துள்ளல் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். பக்கத்தைத் திருப்பக்கூடச் செய்தாள்.

அப்போதுதான் புரிந்தது. அவள் ஏமாற்றவில்லை. தாளைப் பார்த்தபடி காதில் கேட்டதை நினைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் படிப்பு என்று அந்தக் குழந்தை நம்பிக்கொண்டிருந்தது.

எந்த டீச்சரும் அந்த இடத்தில் என்ன செய்வாள் என்று உங்களுக்குத் தெரியும். வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுவாள். பிள்ளையைக் கோட்டில் நிற்க வைப்பாள். ஒரு மாதம் அழும், பிறகு வந்துவிடும். எனக்கும் தெரியும். வந்துவிட்டால் எங்கே போவாள் என்பதும் தெரியும்.

"ரொம்ப நல்லா படிச்சடா கண்ணு" என்றேன்.

அன்றிலிருந்து அவளுக்குத் தனி வகுப்பு. தையல்கார அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர் தன் மகளுக்கென்று தனியாக நேரம் ஒதுக்குகிறாரே என்று எனக்கு ரவிக்கையாகத் தைத்துத் தள்ளினாள். தாளக் கணக்குக்கு அவள் தோளில் பென்சிலால் தட்டுவேன், அதனால் அதையும் அவள் எண்ண வேண்டியிருக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் நாடாக் கோட்டில் ஓடும் நேரத்தில் அவள் என் வீட்டில் இருக்காதபடி பார்த்துக்கொண்டேன். எனக்கு இதெல்லாம் சுமையாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் வாசிப்பைக் கேட்டிருக்கிறீர்கள். அது என் கூடத்தில் வருஷக்கணக்காகக் கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் என்றுமே இருந்ததில்லை.

பன்னிரண்டு வயதில் அவளுக்கே சந்தேகம் வந்தது.

"டீச்சர், புதுத் தாளைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே புரிய மாட்டேங்குது. நீங்க வாசிச்சப்புறம்தான் புரியுது. நான் சரியாத்தான் படிக்கிறேனா?"

"எல்லாருக்கும் அப்படித்தான்மா. போகப் போகச் சரியாயிடும்."

ஒரு தடவை யாரிடமோ கெஞ்சி, ஆரம்பப் பாடப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். பூனை, பந்து எல்லாம் படம் போட்டிருக்கும். இது சின்னப் பசங்களுக்கு, உனக்கு எதற்கு என்று சிரித்தேன். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. புத்தகத்தை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு அது ஒரு ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பயன்பட்டது.

உங்கள் நுழைவுத் தேர்வுக்கு அவளை அனுப்பியது நான்தானே, ஏன் அனுப்பினேன் என்று கேட்கிறீர்கள். தடுத்தால் சந்தேகம் வரும். தவிர, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரட்டும் என்று நினைத்தேன். வெளியே இருந்த பெஞ்சில் நானும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். தயார் செய்துகொண்டு போன இரண்டு பாட்டையும் அவள் வாசித்தபோது வராண்டாவில் நடந்து போனவர்கள் நின்றுவிட்டார்கள். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லன்னா இவ என்ன ஆயிருப்பா டீச்சர்" என்றாள்.

அப்புறம் முன்பின் பார்க்காத தாளை அவள் முன்னால் வைத்தீர்கள். என்ன நடந்தது என்பது எனக்குச் சொல்லித்தான் தெரியும், உங்களுக்கு நேரில் தெரியும். "ஒரே ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க, போதும்" என்று கேட்டாளாம். நீங்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தீர்களாம். பிறகு அவள் தாளைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாத ஏதோ ஒன்றைத் தானாகக் கற்பனை செய்து வாசித்தாளாம். கிண்டல் செய்கிறாள் என்று உங்களில் ஒருவர் தாளைப் பிடுங்கினாராம்.

என் தங்கை வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பின்னாலேயே ரேடியோ.

"அக்கா, இந்தப் பொண்ணுக்கு ஒரு சுரம்கூடப் படிக்கத் தெரியலையே. உன் கையில எப்படி இப்படி?"

தங்கை, ரேடியோ, அவள் அம்மா மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரேடியோவின் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"நானும் எவ்வளவோ பாடுபட்டேன். சில பேருக்கு அது வராது. அது அவ தப்பு இல்ல."

ரேடியோ ஆமாம் என்று தலையை ஆட்டினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தம்மா அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணில் ஒன்றும் இல்லை. மூளைக்கு யாரோ பயிற்சி கொடுத்தார்கள், அதற்கும் போனாள். பள்ளிப் புத்தகத்தைக் கடகடவென்று படிக்கிற பெண். இப்போது அம்மாவின் கடையில் பொத்தான் தைக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை என்னிடம் வருகிறாள், நான் வாசித்துக் காட்டுகிறேன், அவள் வாசிக்கிறாள். அந்த ஒரு மணி நேரம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

என் தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை. ரேடியோவை உட்கார வைத்து மூன்று சுரங்களை எழுதிக் காட்டியிருக்கிறாள். டீ ஆறுவதற்குள் ரேடியோ மூன்றையும் படித்துவிட்டாளாம். குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும்தான் என் தங்கை உங்களிடம் வந்து, மறுதேர்வுக்குக் கெஞ்சியிருக்கிறாள். நீங்களும் பெரிய மனது பண்ணி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் அவள் பெயர் கொடுத்தால் போதும், ஒரு வருஷம் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம் என்றீர்கள். அவள்தான் மாட்டேன் என்கிறாள். அவள் சொன்னதை என் தங்கை என்னிடம் அப்படியே சொன்னாள்.

"எங்க டீச்சர்கிட்ட படிச்சவங்க எல்லாருக்கும் நோட்டு வரும் மேடம். எனக்கு மட்டும்தான் வரல. அப்ப குறை யார்கிட்ட? உங்க வருஷத்தையும் ஏன் வீணாக்கணும்?"

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாதி சொல்லிப் பாதியை வைத்துக்கொள்வது என் வழக்கம் இல்லை. அந்த ஆரம்பப் புத்தகத்தை நான் வாங்கி வைத்துக்கொண்ட பிறகும் அவள் விடவில்லை. நான் வாசித்துக் காட்டும்போது கையையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்து, தானாகவே கணக்குப் போட ஆரம்பித்தாள். ஒருநாள் மேல் கோட்டில் இருந்த ஒரு புள்ளியைத் தொட்டு, ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தி, "இது இதுதானே டீச்சர்?" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நான் இல்லை என்றேன். அடுத்த வாரம் இன்னொன்று. அதுவும் சரி. அதற்கும் இல்லை என்றேன். இப்படிப் பல வாரம். அவள் சரியாகச் சொன்ன ஒவ்வொன்றையும் நான் தப்பு என்று சொன்னேன், கோபப்படாமல், அன்பாகத்தான் சொன்னேன். கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டாள். "எனக்கு மண்டையில ஏற மாட்டேங்குது டீச்சர்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவ்வளவுதான். சாட்சி வேண்டாம், நானே சொல்லிவிட்டேன். என்னிடம் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லுங்கள், நாடாவைத் தரையிலிருந்து உரித்துவிடுகிறேன். டாக்டர் சந்தோஷப்படுவார். என்ன தண்டனை என்றாலும் சரி.

ஆனால் அவளிடம் போய் என் வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சொன்னால் வெள்ளிக்கிழமைக்குள் மனம் மாறிவிடுவாள் என்கிறீர்களே, அது மட்டும் என்னால் முடியாது. நீங்களும் சொல்ல வேண்டாம். நான் சொல்லாமல் நீங்கள் சொன்னால் அவள் நம்பவும் மாட்டாள். எனக்காகக் கேட்கவில்லை. தன்னை நம்புவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். இப்போது அவள் முழுசாக நம்புவது என்னை ஒருத்தியைத்தான். அதையும் அந்தக் குழந்தையிடமிருந்து பிடுங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.